காதலர்களின் கைகள் என்ன செய்கின்றன?

பிரெஞ்சுக் காதல் படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால், மறுநாள் வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. "ராத்திரி பூரா அதே நினைப்பு சார்" என்பார்கள். அல்லது, "என்னதான் சொல்ல வர்றாங்கன்னே தெரியல சார்" என்பார்கள். ஒரே ஆள் வேறு வேறு படங்களுக்கு இரண்டையும் சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். அதே நாடு, அதே மொழி, அதே காபிக் கடை மேசைகள். ஒரு படம் ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது; இன்னொன்று எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்க வைக்கிறது. ஏன்?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்லிவிட முடியும்தான், ஆனால் அந்தச் சுருக்கம் படம் பார்க்கும்போது உதவாது. சில படங்களை எடுத்து வைத்துக்கொண்டே பேசுவோம்.

முதலில் தடை. காதல் கதை என்றால் இருவரையும் சேர விடாமல் ஏதோ ஒன்று நடுவில் நிற்க வேண்டும். அப்பா நிற்கலாம், பணம் நிற்கலாம், மதமோ போரோ நிற்கலாம். அது விலகினால் கதை முடிந்தது, வணக்கம் போட்டுவிடலாம். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடித்த கதையோ, வெளித் தடையெல்லாம் விலகிய பிறகுதான் சூடு பிடிக்கிறது. இதற்கு அவர்களிடம் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1678-இல் ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்த 'கிளேவ் இளவரசி' என்ற நாவல். எழுதியவர் மதாம் த லஃபாயெத். மணமான ஒரு பெண்ணுக்கு அரசவையில் இன்னொருவன்மீது காதல் வந்துவிடுகிறது. அவள் எல்லை தாண்டவில்லை. தன் மனதில் இருப்பதைக் கணவனிடமே சொல்லிவிடுகிறாள். அவன் அந்த வேதனையிலேயே போய்ச் சேர்கிறான். இப்போது அவளைத் தடுக்க யாரும் இல்லை. அவள் நேசிக்கிறவனும் காத்துக்கொண்டிருக்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். இறந்தவனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒரு பக்கம். இவ்வளவு உருகுகிறவன் கைக்குக் கிடைத்த பிறகும் உருகுவானா என்ற பயம் இன்னொரு பக்கம்.

அரசு நிர்வாக வேலைக்கான தேர்வில் இந்த நாவலைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்களே என்று நிக்கோலா சர்கோசி 2006-இல் மேடையில் கேலி பேசினார். பிறகு அவர் அதிபர் ஆனார். 2009-இல் அவருடைய அரசின் பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தை எதிர்த்த ஆசிரியர்களும் மாணவர்களும் பொது இடத்தில் கூடி, இந்த நாவலை ஆளுக்குக் கொஞ்சமாக உரக்க வாசித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கிறிஸ்தோஃப் ஒனோரே இந்தக் கதையை இன்றைய பாரிஸ் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் கொண்டுவந்து, லெயா செதூவை வைத்துப் படம் எடுத்திருந்தார். ஒரு பெண் மாட்டேன் என்று சொன்ன கதை 330 ஆண்டுகள் கழித்தும் அந்த ஊரில் இப்படி உயிரோடு இருக்கிறது.

தடை மனசுக்குள் இருந்தால் இயக்குநருக்கு ஒரு சிக்கல். கோபக்கார அப்பாவைக் காட்டலாம், புறப்படும் ரயிலைக் காட்டலாம். தயக்கத்தை எப்படிக் காட்டுவது? சுலபமான வழி முகம். அழகான நடிகையை ஜன்னல் ஓரம் நிறுத்தி, வெளியே மழையைப் பெய்ய விட்டு, பின்னால் பியானோ வாசித்தால் போதும் என்று நினைக்கிற படங்கள் ஏராளம். நம்மை ஏமாற்றுகிற படங்கள் பெரும்பாலும் இவைதான். என்னை விடாமல் பிடித்துக்கொண்ட படங்கள் காதலர்களின் கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கின்றன. அவர்கள் என்ன தொழில் பார்க்கிறார்கள், அந்தத் தொழில் காதலுக்குள் எப்படி நுழைகிறது என்பதை நிதானமாகக் காட்டுகின்றன. மனசு மறைத்து வைப்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ழாக் தெமியின் 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பர்க்' (1964) படத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு கான் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். பேச்சு என்பதே கிடையாது. எல்லாமே பாட்டு, இசை மிஷெல் லெக்ரான். பாடல்களை முன்கூட்டியே பாடகர்களை வைத்துப் பதிவு செய்துவிட்டு, நடிகர்களை அதற்கு வாயசைக்க வைத்தார்கள். கத்ரீன் தெனுவுக்குப் பாடியவர் தனியெல் லிகாரி. இதையெல்லாம் கேட்டால் ஏதோ கனவுலகப் படம் என்று தோன்றும். படம் தொடங்குவதோ மெக்கானிக் ஷெட்டில். வண்டி ரெடியா என்று வாடிக்கையாளர் கேட்கிறார். ஆயிற்று, குளிரில் மட்டும் இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், அது சகஜம்தான் என்று கீ என்ற இளைஞன் பாட்டிலேயே பதில் சொல்கிறான். வேலை முடித்துக் காதலி ழென்வியேவைப் பார்க்கப் போகிறான். அவன் மேல் பெட்ரோல் வாசனை அடிப்பதாக அவள் சொல்கிறாள். அதுவும் ஒரு சென்ட்தான் என்கிறான் அவன். அவளுடைய அம்மா நடத்துவது குடைக் கடை. சுவரில் ஒட்டிய காகிதமும் அவர்கள் உடுத்தும் துணியும் மிட்டாய் நிறத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். கடைக்குக் கடன், அம்மா முத்துமாலையை விற்கப் போகிறாள்.

அல்ஜீரியப் போருக்குக் கட்டாய ராணுவச் சேவையில் கீ போகிறான். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். கடிதங்கள் குறைகின்றன. இங்கேதான் கவனியுங்கள். போர் வெளித் தடைதானே என்று கேட்பீர்கள். போர் அவனை அழைத்துப் போகிறது, உண்மை. காதலை அழிப்பது போர் இல்லை. அவன் முகத்தை நினைத்தால் இப்போதெல்லாம் போட்டோதான் ஞாபகத்துக்கு வருகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்கிறாளே, அந்த மறதி. மாலையை வாங்க வந்த நகை வியாபாரி கஸார் நல்ல மனிதர். குழந்தையைத் தன் குழந்தையாக ஏற்றுக்கொள்கிறார். அம்மாவும் கெட்டவள் இல்லை. கோபப்பட ஒரு ஆள்கூடக் கிடைக்காத கதை.

கடைசிக் காட்சி 1963 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பனி கொட்டுகிறது. கீ இப்போது ஒரு பெட்ரோல் பங்க் முதலாளி. மனைவியும் சின்னப் பையனும் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு மெர்சிடிஸ் வந்து நிற்கிறது, உள்ளே ழென்வியேவ். முன்சீட்டில் ஒரு சிறுமி. இருவரும் ஆபீஸ் அறைக்குள் வந்து நிற்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு எதிரெதிரே நிற்கிற இருவருக்கும் நடுவில் பங்க்கில் வேலை பார்க்கும் பையன் உள்ளே நுழைந்து, சூப்பர் போடவா, சாதா போடவா என்று கேட்கிறான். அவள் எது வேண்டுமானாலும் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். எத்தனையோ படங்களில் வசனகர்த்தாக்கள் பக்கம் பக்கமாக எழுதிய பிரிவு, இங்கே ஒரு பெட்ரோல் கேள்வியில் முடிந்துவிடுகிறது. மகளைப் பார்க்கிறாயா என்கிறாள். வேண்டாம் என்பது போலத் தலையசைக்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குளோத் சோத்தேயின் 'எ ஹார்ட் இன் விண்டர்' (1992) பாட்டும் நிறமும் இல்லாமல் அதே ஆழத்துக்குப் போகிறது. ஸ்தெஃபான் வயலின் செய்கிறவர், பழுது பார்க்கிறவர். கடை மக்சீமுடையது. இசைக் கலைஞர்களோடு பழகுவது, பேசுவது, பயணம் போவது மக்சீமின் பொறுப்பு. பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பது ஸ்தெஃபானின் பொறுப்பு. கமீல் என்ற வயலின் கலைஞரைக் காதலிப்பதாக மக்சீம் சொல்கிறார். கமீலின் வயலின் பட்டறைக்கு வருகிறது. சோத்தே நம்மை அவசரப்படுத்துவதில்லை. வயலினின் மேற்பலகை பிரிவதையும், பசை தடவி இறுக்கி வைப்பதையும், ஸ்தெஃபான் காதைச் சாய்த்துக் கேட்பதையும் பார்க்கவிடுகிறார். கமீல் வாசிக்கிறபோது மற்றவர்கள் ரசிக்கிறார்கள். இவர் கேட்கிறார். அந்தக் கேட்பில்தான் அவள் விழுந்துவிடுகிறாள். தன்னை இவ்வளவு துல்லியமாகக் கவனிக்கிற ஒருவன் தன்னைக் காதலிக்காமல் இருக்க முடியாது என்று நம்புகிறாள். ஒருநாள் வெளிப்படையாகச் சொல்கிறாள். எனக்கு உன்மேல் காதல் இல்லை என்கிறார் அவர்.

பொய் சொல்கிறாரா? பயமா? நண்பனைத் தோற்கடிக்கிற விளையாட்டா? படம் கடைசிவரை தீர்ப்பு சொல்லவில்லை. ஸ்தெஃபானாக நடிக்கிற தானியல் ஒத்தெய் முகத்தில் ஏறக்குறைய எதையுமே காட்டுவதில்லை. கமீலாக வரும் எமானுவெல் பெயார், விரல்கள் சரியான இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக வயலின் பயின்றவர். ரவேலின் இசையை நமக்கு வாசித்துக் காட்டுவது ழான்-ழாக் காந்தரோவ். ஆனால் பெயாரின் கைகளைப் பார்த்தால் வாசிப்பது வேறொருவர் என்ற சந்தேகமே வராது. பிற்பகுதியில், நோயில் கிடக்கும் வயதான ஆசிரியர் ஒருவருக்கு ஸ்தெஃபானின் கைகள் செய்கிற உதவி ஒன்று வருகிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்த பிறகு இவருக்கு நெஞ்சே இல்லை என்று சொல்ல வாய் வராது. 'ஸ்லோவாப் போகுது' என்று பலரும் பாதியில் விடும் படம் இது. பட்டறைக் காட்சிகளைக் கதைக்கு இடையில் வரும் அலங்காரமாக நினைத்துத் தாண்டினால் அப்படித்தான் தோன்றும். கதையே அங்கேதான் நடக்கிறது.

இப்படி ஒரு படத்தை எடுக்கப் பணம் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. பிரான்சில் சினிமா டிக்கெட் ஒன்று வாங்கினால் விலையில் 10.72 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு, 1946-இல் தொடங்கிய சிஎன்சி என்ற சினிமா அமைப்புக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டும் இதில் சேர்த்தி. அந்தப் பணத்திலிருந்து, திரைக்கதையைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்களுக்கு முன்பணம் தருகிறார்கள். 1959-இல் வந்த ஏற்பாடு. வசூலானால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல், தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒத்துக்கொண்ட வடிவம்தான் முடிந்த படம் என்று சட்டமே சொல்கிறது. விநியோகஸ்தர் ஒருவர் கத்தரியோடு வந்து இருபது நிமிடத்தை வெட்டிவிட முடியாது. சோத்தேயின் பட்டறைக் காட்சிகளை அந்த ஏற்பாடுதான் காப்பாற்றுகிறது. ஜன்னல் ஓரத்து நடிகையையும் அதுவேதான் காப்பாற்றுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஏமாற்றிய படங்களுக்கு வருவோம். யான் சமுயெலின் 'லவ் மீ இஃப் யூ டேர்' (2003) பல இளைஞர்களுக்கு உயிர். சின்ன வயதில் ஒரு பையனும் பெண்ணும் ஒரு தகர டப்பாவைக் கைமாற்றிக்கொண்டு, தைரியம் இருந்தால் இதைச் செய் என்று பந்தயம் விளையாடுகிறார்கள். வளர்ந்த பிறகும் விடவில்லை. கியோம் கானே, மரியோன் கொத்தியார் இருவருமே நல்ல நடிகர்கள். குழந்தைப் பருவம் உண்மையிலேயே அழகு. வளர்ந்த பிறகுதான் சரிவு. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். எதுவுமே அவர்கள்மீது ஒட்டுவதில்லை. அவர்களை நம்பிக் கைப்பிடித்தவர்களுடைய வலியைப் படம் ஒரு நிமிடம்கூட நின்று பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் எவ்வளவு காயப்படுத்துகிறார்களோ அவ்வளவு பெரிய காதல் என்று நம்பச் சொல்கிறது. கான்கிரீட்டுக்குள் போய் முடியும் அந்த முடிவைக் காவியம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காதலுக்கு நேர்கிற எதையும் சந்திக்க மறுத்த இரண்டு பேரின் கதை அது. படத்துக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு வகை ஏமாற்றம், நல்ல படத்தின் தொடர்ச்சி. குளோத் லெலூஷின் 'எ மேன் அண்ட் எ வுமன்' (1966) கையில் காசில்லாமல் எடுத்த படம். கலர் பிலிமுக்குப் பணம் போதாமல் பல காட்சிகள் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. மனைவியை இழந்தவன், கணவனை இழந்தவள். இருவருடைய பிள்ளைகளும் தோவில் கடற்கரை ஊரில் ஒரே விடுதிப் பள்ளியில் படிக்கிறார்கள். அவன் கார்ப் பந்தய வீரன். அவள் படப்பிடிப்பில் காட்சிகளின் தொடர்ச்சியைக் குறித்துக்கொள்கிற ஸ்கிரிப்ட் கேர்ள். மாண்டி கார்லோ பந்தயம் முடிந்த இரவு அவளிடமிருந்து தந்தி வருகிறது, காதலிக்கிறேன் என்று. அவன் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு இரவெல்லாம் ஓட்டுகிறான். வழியெல்லாம், கதவைத் திறந்ததும் என்ன சொல்வது, இந்நேரத்தில் போய் எழுப்பலாமா என்று தனக்குத்தானே ஒத்திகை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளும் மழையைத் துடைக்கும் வைப்பரும் அந்தக் குரலும்தான் காட்சி. அவ்வளவு தூரம் ஓட்டிவந்து சேர்ந்த பிறகும் தடை தீரவில்லை. இறந்துபோன கணவன் அவள் நினைவில் எழுந்து வந்துவிடுகிறான். இந்த அருமையான படத்துக்கு 1986-இல் லெலூஷே அதே நடிகர்களை வைத்து 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு தொடர்ச்சி எடுத்தார். படத்துக்குள் படம், பாலைவனத்தில் கார், என்னென்னவோ. பணம் இருந்தது, அந்த இரண்டு பேரைக் கவனிக்க நேரம்தான் இல்லை.

'அமேலி'யைப் (2001) பற்றியும் கேட்பீர்கள். எனக்குப் பிடிக்கும், ஒரு அளவோடு. கதை நடக்கும் பாரிஸின் மான்மார்த்ர் தெருக்களைத் துடைத்துத் துடைத்து வெளிநாட்டுக் குடியேறிகளின் முகமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்று விமர்சகர் செர்ஜ் காகான்ஸ்கி அப்போதே எழுதினார். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

பாதி உயரம், பாதி பள்ளம் என்று ஒரு படம் உண்டு: அப்தெல்லத்தீஃப் கெஷிஷின் 'புளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' (2013). மூன்று மணி நேரம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமையிலான கான் நடுவர் குழு, தங்கப் பனை விருதை இயக்குநருக்கும் நடிகைகள் அடெல் எக்சார்கோபுலோஸ், லெயா செதூ இருவருக்குமாகச் சேர்த்துக் கொடுத்தது. சாதாரணக் குடும்பத்துப் பெண் அடெலும், ஓவியம் படிக்கிற எம்மாவும் காதலிக்கிறார்கள். எம்மா வீட்டில் விருந்துக்குச் சிப்பியும் வெள்ளை ஒயினும். இவர்கள் காதலர்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். அடெல் வீட்டில் அப்பா செய்த ஸ்பெகட்டி. அங்கே எம்மா தத்துவப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த தோழி மட்டுமே. பின்னால் இருவரும் ஒன்றாக வாழும்போது எம்மாவின் கலைஞர் நண்பர்களுக்குத் தோட்டத்தில் விருந்து. அடெல் அதே ஸ்பெகட்டியைப் பெரிய பாத்திரத்தில் கிளறி, தட்டு தட்டாகப் பரிமாறி, பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் சிரித்துக்கொண்டே நகர்ந்து, எல்லாரும் போன பிறகு பாத்திரம் தேய்க்கிறாள். காதல் எங்கே விரிசல் விட்டது என்று அந்தச் சமையலறைத் தொட்டியில் தெரிந்துவிடுகிறது. பாலர் பள்ளியில் பிள்ளைகள் முன்னால் அழுகையை அடக்கிக்கொண்டு அவள் பாடம் நடத்தும் காட்சியும் அப்படியே.

அதே படத்தின் நீண்ட படுக்கையறைக் காட்சிகள் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆபாசம் என்ற புகார் எனக்கில்லை. அவ்வளவு நேரம் மனிதர்களைக் கூர்ந்து பார்த்த கேமரா, அங்கே உடம்பை மட்டும் வெறிக்கத் தொடங்கிவிடுகிறது. மூலக் கதையான சித்திர நாவலை எழுதிய மாரோவே அந்தக் காட்சிகள் நம்பும்படியாக இல்லை என்று வெளிப்படையாக விமர்சித்தார். படப்பிடிப்பில் பட்ட சிரமத்தை நடிகைகள் இருவரும் பேட்டிகளில் சொன்னார்கள். பார்க்கும்போது இதெல்லாம் மனதில் உறுத்தத்தான் செய்கிறது.

இங்கே ழாக் ஓதியாரின் 'தீபன்' (2015) பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு மொழிப் படம் என்று சொல்ல முடியாது, பெரும்பகுதி தமிழ்தான். இயக்குநரும் ஊரும் பிரான்ஸ். நம் எழுத்தாளர் ஷோபாசக்தியும் காளீஸ்வரி சீனிவாசனும் நடித்து, தங்கப் பனை வாங்கிய படம். போரிலிருந்து தப்ப, அந்நியர்களான மூன்று பேர் ஒரு பொய்க் குடும்பமாகப் பிரான்சுக்கு வருகிறார்கள். பொய்க் கணவன் ஒரு குடியிருப்பின் காவலாளி. கூட்டுகிறான், கடிதங்களைப் பிரித்து வைக்கிறான், பழுதானதைச் சரி செய்கிறான். பொய் மனைவி யாழினி ஒரு முதியவருக்குச் சமைத்துப் போட்டுப் பராமரிக்கிறாள். பொய்யாகத் தொடங்கிய மனைவி கணவன் உறவு அந்த வேலைகளுக்கு நடுவே மெல்ல மெல்ல நிஜமாகிற பகுதி மிக உயர்ந்த காதல் கதை. கடைசியில் வெடிக்கிற வன்முறையும் அதன் பிறகு வரும் இங்கிலாந்துக் காட்சியும் இயக்குநர் தன் கதையை நம்பாமல் போனதன் விளைவு. ஷோபாசக்தியின் கையில் துடைப்பம் இருந்தபோது படத்துக்கு இருந்த பலம், கத்தி வந்த பிறகு இல்லை.

செலின் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019) என் கட்சிக்குச் சிறந்த சாட்சி. 18-ஆம் நூற்றாண்டு, பிரித்தானி கடற்கரையில் ஒரு தனி மாளிகை. எலொயீஸை மிலான் நகரத்து ஆள் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள். அவர் பார்ப்பதற்கு ஓவியம் அனுப்ப வேண்டும். எலொயீஸ் உட்கார மறுக்கிறாள். எனவே மரியான் என்ற ஓவியர், நடைத் துணை என்று சொல்லிக்கொண்டு வந்து, பகலில் அவளைப் பார்த்துவிட்டு இரவில் ரகசியமாக வரைய வேண்டும். காது மடலின் வளைவு எப்படி, கையை மடித்து வைத்தால் எந்தக் கை மேலே, கோபம் வந்தால் உதடு என்ன செய்கிறது. தொழிலுக்காகப் பார்க்கத் தொடங்கிய கண் எந்த நாளில் காதலிக்கத் தொடங்கியது என்று மரியானுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு கட்டத்தில் எலொயீஸ் அவளைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டு நிறுத்தி, நீ என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறாய் என்று கேட்கிறாள். மாடலாக உட்கார்ந்தவளும் இத்தனை நாள் ஓவியரின் ஒவ்வொரு அசைவையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கார அம்மாள் ஊருக்குப் போன நாட்களில் சமையலறையில் ஒரு காட்சி. எஜமானி வீட்டுப் பெண் சமையல் பார்க்கிறாள், ஓவியர் ஒயின் ஊற்றுகிறாள், வேலைக்காரப் பெண் சோஃபி நிம்மதியாக உட்கார்ந்து பூத்தையல் போடுகிறாள். யாரும் எதையும் விளக்கவில்லை. மூன்று ஜோடிக் கைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். படத்தில் பின்னணி இசையே கிடையாது. முழுதாகக் கேட்பது நெருப்பைச் சுற்றிப் பெண்கள் பாடுகிற ஒரு பாட்டும், கடைசியில் விவால்டியும்தான். இவ்வளவு நேரம் இசைக்குப் பட்டினி போட்டதால் அந்த விவால்டி நம்மைச் சாய்த்துவிடுகிறது. கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது இதற்குக் கிடைத்தது. பெரிய விருதே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த ஆண்டு 'பாரசைட்' வந்திருந்தது.

உங்கள் மறுப்பு எனக்குக் கேட்கிறது. எரிக் ரோமர் படங்களில் யாரும் எந்த வேலையும் செய்வதில்லையே, சும்மா பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? சரியான கேள்வி. 'தி கிரீன் ரே' (1986) வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. 16 மி.மீ. கேமரா, விரல்விட்டு எண்ணக்கூடிய குழு, பெரும்பாலும் நடிகர்களே அந்த இடத்தில் உருவாக்கிய பேச்சு. தெல்ஃபின் பாரிஸில் செயலாளர் வேலை பார்க்கிறாள், ஆனால் படம் முழுக்க விடுமுறை. கூட வருவதாக இருந்த தோழி கைவிட்டுவிடுகிறாள். ஷெர்பர்க் போகிறாள், ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாள், பியாரிட்ஸ் போகிறாள், எங்கேயும் ஒட்டவில்லை. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் பன்றிக்கறித் துண்டுகளை நீட்டுகிறார்கள். தான் ஏன் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று அவள் விளக்கத் தொடங்குகிறாள். விளக்க விளக்க, நல்ல மனிதர்கள் நிறைந்த அந்த மேசையில் அவள் மேலும் தனியாகிறாள். ரோமரிடம் பேச்சுதான் வேலை. வயலின் பட்டறையில் கை செய்வதை இங்கே வாய் செய்கிறது: தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததை விட அதிகமாகச் சொல்லிவிடுகிறது. ரோமரைப் பின்பற்றிப் பேச்சுப் படம் எடுத்த பலர் இதைப் பிடிக்கவில்லை. அவர்களுடைய பாத்திரங்கள் சொல்ல நினைத்ததை மட்டும், அழகாக, சொல்லி முடிக்கின்றன. கேட்கிற நமக்கு வேலையே இல்லை.

வயதானவர்களின் காதலுக்கு இந்த மொழியில் கிடைத்திருக்கிற மரியாதையையும் சொல்லியாக வேண்டும். மிஷாயெல் ஹனேகே ஆஸ்திரியக்காரர். 'அமூர்' (2012) பிரெஞ்சில் எடுத்த படம். ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்களான கணவன் மனைவி. அவளுக்குப் பக்கவாதம். கணவனாக நடிப்பவர் ழான்-லூயி த்ரிந்தின்யான், 1966-இல் இரவெல்லாம் காரோட்டி வந்த அதே மனிதர். மனைவி எமானுவெல் ரிவா, 1959-இல் 'ஹிரோஷிமா மோன் அமூர்' படத்தில் உலகத்தை உருக வைத்தவர். ஸ்டீயரிங் பிடித்த கைகள் இப்போது அவளைக் கழிப்பறைக்குத் தூக்கிவிடுகின்றன, காலைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கின்றன, தண்ணீர் புகட்டுகின்றன. அவள் குடிக்க மறுத்துத் துப்புகிறாள். அவர் கை சட்டென்று அவள் கன்னத்தில் இறங்கிவிடுகிறது. அடுத்த நொடி மன்னிப்புக் கேட்கிறார். நோயாளியைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் அந்த அறை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

த்ரான் ஆன் ஹுங்கின் 'தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' (2023) இதற்கு நேர் எதிரான வெளிச்சம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கிராமத்து மாளிகை ஒன்றின் சமையலறை. சாப்பாட்டுப் பிரியர் தொதேனும் அவருடைய சமையல்காரி யூஜெனியும் இருபது வருடங்களாக ஒன்றாகச் சமைக்கிறார்கள். அவர் கல்யாணம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவள் சிரித்துத் தட்டிக் கழிக்கிறாள். இரவில் அவள் அறைக் கதவு சில நாள் திறந்திருக்கும், சில நாள் தாழிட்டிருக்கும். முதல் அரை மணிக்கும் மேலாகச் சமையல் மட்டுமே. செம்புப் பாத்திரம், வெண்ணெய் உருகும் சத்தம், ஒருவர் கேட்கும் முன்பே மற்றவர் நீட்டும் கரண்டி. பின்னணி இசை இல்லை. நடிக்கிற ஜூலியட் பினோஷும் பெனுவா மஜிமெலும் நிஜ வாழ்க்கையில் ஒருகாலத்தில் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்கள். அந்தக் கரண்டி கைமாறும்போது அதுவும் சேர்ந்து கைமாறுகிறது போல எனக்குத் தோன்றும். படம் முடியும் இடத்தில் அவள் கேட்கிறாள்: நான் உங்களுக்குச் சமையல்காரியா, மனைவியா? அவர் யோசித்துச் சொல்கிற பதிலும், அந்தப் பதிலில் அவளுக்கு வருகிற மகிழ்ச்சியும், இதுவரை நாம் பேசிக்கொண்டிருந்த அத்தனைக்கும் உள்ளே போகிற கதவு.

சரி, எதிலிருந்து தொடங்குவது? இந்த வாரம் ஒரு இரவு மட்டும் கிடைக்கும் என்றால் ஷெர்பர்க் குடைகள். ஒன்றரை மணி நேரம்தான், வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். சப்டைட்டிலைப் படிக்கிற வேகம் பழகிய பிறகு சியாமாவின் படம். சமையலில் ஆர்வம் உள்ளவர்களை த்ரான் ஆன் ஹுங்கிடம் அனுப்புங்கள், ஆனால் பசியோடு அனுப்பாதீர்கள். சோத்தேயை யாரும் தொந்தரவு செய்யாத நேரத்தில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். கெஷிஷின் படத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது. வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் 'அமூர்' இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரோமருக்கு மட்டும் அவசரமே இல்லை. அடுத்த கோடை விடுமுறை வரட்டும்.